சூளை மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா? எங்கிருந்து தேடத் தொடங்குவது

விறகுச் சூளையில் சுட்டவர்களுக்கு மீட்டர் என்ற ஒன்றே தேவைப்படவில்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்தார்கள், புகை எப்போது வெளுக்கிறது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். எலெக்ட்ரிக் சூளையோ கேஸ் சூளையோ வாங்கிய பிறகுதான் ஒரு எண் கண் முன்னால் வந்து நிற்கிறது. அந்த எண்ணை நம்பித்தான் சூளை நிறையப் பானை அடுக்குகிறோம். 1000 என்று காட்டியது, திறந்து பார்த்தால் பிஸ்க், அதாவது முதல் சூட்டில் சுட்ட பானை, நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது. அல்லது நேர்மாறாக, கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு உருகி வழிந்து தட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் புதிதாகச் சூளை போட்டவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: மீட்டர் தப்பா, சூளை தப்பா?

இதைத் தேட ஒரு வரிசை இருக்கிறது. காசு செலவில்லாத சோதனைகள் முதலில், புதுப் பொருள் வாங்குவது கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், எடுத்த எடுப்பில் கண்ட்ரோலரை, அதாவது எண்ணைக் காட்டிச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியை, மாற்றுகிறார்கள். கண்ட்ரோலர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கெடுவது சூளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகள், அல்லது அந்தக் கம்பிகளைக் கண்ட்ரோலரோடு சேர்க்கும் ஒயர், அல்லது அந்த ஒயரின் ஸ்க்ரூ.

மீட்டர் உண்மையில் எதை அளக்கிறது

சூளைச் சுவரில் குத்தி வைத்திருக்கும் தெர்மோகப்பிள் என்பது இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகள். ஒரு முனையில் மட்டும் அவற்றைச் சேர்த்து உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். 1821-ல் சீபெக் கண்டுபிடித்தது இது. கவனிக்க வேண்டியது, அந்த மின்னழுத்தம் சூளையின் சூட்டை மட்டும் சொல்வதில்லை. இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. கண்ட்ரோலர் தன் டெர்மினல் இருக்கும் இடத்தின் சூட்டைத் தனியாக அளந்து, அதையும் கூட்டித்தான் திரையில் எண் போடுகிறது. இது புரிந்துவிட்டால் பாதிக் கோளாறை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

நம் சூளைகளில் பெரும்பாலும் கே வகைதான் இருக்கும். ஒரு கம்பி குரோமெல், இன்னொன்று அலுமெல். இரண்டிலும் நிக்கல்தான் பெரும்பங்கு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். 1200-க்கு மேல் அடிக்கடி போகிறவர்கள் எஸ் அல்லது ஆர் வகை வைத்திருப்பார்கள். அவை பிளாட்டினமும் ரோடியமும் கலந்தவை, விலை பல மடங்கு. உங்களுடையது எது என்று தெரியாமல் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். சூளைக்கு வெளியே ஒயர் வந்து சேரும் ஹெட்டின் மேலோ பில்லிலோ எழுதியிருக்கும்.

சூளை ஆறியிருக்கும்போது செய்ய வேண்டியவை

மெயின் சுவிட்சை அணையுங்கள். கண்ட்ரோலர் பெட்டியைத் திறக்கும்போது சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மூன்று பேஸ் சூளையாக இருந்தால் ஐசொலேட்டரை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். பெட்டியைத் திறந்ததும் கண்ணால் பாருங்கள். எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் எறும்புக் கூட்டம் குடியேறுவதற்கு அந்தப் பெட்டியைவிட நல்ல இடம் கிடையாது. சூளைக்குக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் கான்டாக்டரில் கருகிய பல்லி ஒன்று ஒட்டிக் கிடந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இனி முதல் சோதனை. முந்தைய நாள் முழுக்க ஆறிய சூளை, காலை நேரம், கண்ட்ரோலரை மட்டும் ஆன் செய்யுங்கள். பக்கத்தில் சாதாரண அறை வெப்பமானி ஒன்றைத் தொங்கவிடுங்கள். இரண்டும் மூன்று நான்கு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே காலையிலேயே 33 இருக்கலாம். அதனால் "அறை வெப்பம் என்றால் 25" என்று எங்கோ படித்ததை வைத்து மீட்டரைத் திட்டாதீர்கள். ஒத்துப்போனால் நல்லது, ஆனால் அதனால் 1000 டிகிரியிலும் சரியாகக் காட்டும் என்று அர்த்தமில்லை. ஒத்துப்போகாவிட்டால் அடுத்ததுக்குப் போங்கள்.

கண்ட்ரோலரை அணைத்து, மேலே சொன்னபடி பிளக்கையும் பிடுங்கிவிட்டு, தெர்மோகப்பிள் ஒயர்கள் இரண்டையும் அதன் டெர்மினலிலிருந்து கழற்றுங்கள். அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் இணைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். திரையில் அறை வெப்பம் வர வேண்டும். வந்தால் கண்ட்ரோலரின் அந்தப் பகுதி ஒழுங்காக இருக்கிறது, கோளாறு ஒயரிலோ தெர்மோகப்பிளிலோதான். துண்டுக் கம்பி போட்டும் 80, 150, அல்லது மைனஸ் என்று வந்தால் மட்டும் கண்ட்ரோலரைச் சந்தேகப்படலாம். ஒரு நிமிட வேலை. ஒரு கண்ட்ரோலரின் விலையை மிச்சப்படுத்தும் சோதனை.

அப்புறம் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, கழற்றிய ஒயரின் இரண்டு நுனிகளுக்கு இடையே பாருங்கள். ஒயரின் நீளத்தையும் பருமனையும் பொறுத்துச் சில ஓம்கள் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாமல் ஓபன் என்று வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் சூளைக்குள் இருக்கும் ஒட்டு முனைதான். ஒயரை லேசாக ஆட்டும்போது எண் தாவுகிறதா என்றும் பாருங்கள். சூடு ஏறும்போது மட்டும் விட்டு விட்டு எர்ரர் வருகிறது என்றால் அநேகமாக இதுதான்: ஆறியிருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும் வெடிப்பு, சூட்டில் விரிந்து பிரிகிறது.

பிளஸ், மைனஸ், நிறம்

தெர்மோகப்பிளுக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. மாற்றிக் கொடுத்தால் சூளை சூடேற ஏற எண் இறங்கும். இது உடனே தெரிந்துவிடும், யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாற்றுவது இன்னொன்று. ஹெட்டிலும் மாற்றி, கண்ட்ரோலரிலும் மாற்றிக் கொடுத்திருந்தால் எண் ஒழுங்காக ஏறுவது போலவே இருக்கும், ஆனால் குறைத்துக் காட்டும். ஹெட் 80 டிகிரி, கண்ட்ரோலர் 35 டிகிரி என்றால் வித்தியாசம் 45. அதன் இரண்டு மடங்கு, அதாவது 90 டிகிரி குறைவாகக் காட்டும். 1000 என்று திரை சொல்லும்போது உள்ளே 1090 இருக்கும்.

நிறத்தை நம்புவதிலும் ஒரு வம்பு இருக்கிறது. சர்வதேச முறையில் கே வகைக்குப் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஆமாம், சிவப்புதான் மைனஸ். வீட்டு பேட்டரி ஒயர் பழகிய கை, சிவப்பைத் தானாகப் பிளஸில் கொண்டுபோய் மாட்டிவிடும். நம் கடைகளில் இரண்டு வகை ஒயரும் கிடைக்கிறது. அதனால் நிறத்தைவிட காந்தத்தை நம்புங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்று போதும். கே வகையில் அலுமெல் கம்பியைக் காந்தம் இழுக்கும், அது மைனஸ். குரோமெலை இழுக்காது, அது பிளஸ்.

பழைய தெர்மோகப்பிளில் இரண்டு கம்பியையுமே காந்தம் இழுத்தால்? அதைப் பற்றிக் கீழே வருகிறேன், அது நல்ல செய்தி அல்ல.

இடையில் ஓடும் ஒயர்

புதிதாக வருபவர்களிடம் நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான். சூளையிலிருந்து கண்ட்ரோலர் வரை மூன்று நான்கு மீட்டர் ஒயர் போகிறது. அது காம்பன்சேட்டிங் கேபிள் எனப்படும் தனி ஒயர். தெர்மோகப்பிளுக்கு ஒத்துப்போகும் உலோகத்தால் ஆனது. அதன் விலையைக் கேட்டதும், ஒயரிங் பார்க்க வந்த சேட்டன், "இது ரெண்டு ஒயர்தானே, நம்ம கிட்ட மிச்சம் இருக்கு" என்று வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய செம்பு ஒயரை இழுத்துவிட்டுப் போய்விடுவார். மீட்டர் ஓடும். குளிர்ந்த சூளையில் சரியாகவும் காட்டும். சூடேறினால்தான் வினை.

ஏனென்றால் செம்பு ஒயர் போட்டவுடன், மீட்டருக்குத் தெரிந்த "குளிர்ந்த முனை" கண்ட்ரோலரில் இருந்து நகர்ந்து சூளைச் சுவரை ஒட்டிய ஹெட்டுக்கு வந்துவிடுகிறது. ஹெட் 80-லும் கண்ட்ரோலர் 35-லும் இருந்தால் 45 டிகிரி குறைத்துக் காட்டும். ஆறு மணி நேரம் சுட்டால் ஹெட் இன்னும் சூடாகும், பிழையும் கூடவே வளரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று பட்டு ஹெட் ஆறும், பிழை குறையும். "ஒரு நாள் சரியாக வருகிறது, ஒரு நாள் கெட்டுப்போகிறது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இந்தச் செம்பு ஒயர்தான் இருக்கும்.

காம்பன்சேட்டிங் கேபிளை வாங்கும்போது உங்கள் வகையைச் சொல்லி வாங்குங்கள். கே வகைக்கு உள்ள கேபிள் எஸ் வகைக்கு ஆகாது. கோயம்புத்தூரில் பவுண்டரிகளுக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளுக்கும் சாமான் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வாளையாரையோ வேலந்தாவளத்தையோ தாண்டி ஒரு நடை போய்விட்டு வருவது, ஆன்லைனில் எது வருமோ என்று காத்திருப்பதைவிட நல்லது. கையில் பழைய தெர்மோகப்பிளை எடுத்துப் போங்கள். கடைக்காரர் நீளத்தையும் ட்யூப்பின் பருமனையும் பார்த்து அதே அளவில் தருவார்.

கேபிளை இழுக்கும்போது பவர் ஒயரோடு ஒரே பைப்பில் போடாதீர்கள். தெர்மோகப்பிள் தருவது மில்லிவோல்ட் கணக்கில்; பக்கத்தில் நாற்பது ஆம்பியர் ஓடினால் எண் ஆடும். கான்டாக்டர் விழும்போதெல்லாம் எண் பத்து இருபது தாவினால் இதைப் பாருங்கள். இதற்கு ஒரு அண்ணன் கோளாறும் உண்டு. 1000-ஐத் தாண்டியதும் சூளைச் செங்கல் கொஞ்சம் மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும். தெர்மோகப்பிள் கம்பி வெறுமனே செங்கலைத் தொட்டுக்கொண்டிருந்தால் எலெமென்ட்டின் (சூடேற்றும் சுருள் கம்பியின்) கசிவு அதில் ஏறி, அடியில் ஒழுங்காக இருந்த எண் உச்சியில் மட்டும் பைத்தியம் பிடித்தது போல் ஆடும். செராமிக் ட்யூப் முழுசாக இருக்கிறதா, சூளையின் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் இல்லையென்றால் மீட்டரை மறந்துவிட்டு முதலில் எர்த் போடுங்கள்.

ஒயரின் உறை உரிந்து இரண்டு கம்பியும் நடுவில் எங்கேயாவது தொட்டுக்கொண்டால், மீட்டர் அந்த இடத்தின் சூட்டைக் காட்டும், சூளையின் சூட்டை அல்ல. சூளை செந்தணலாகியும் திரை 60, 70 என்றே நின்றால் சுவரை ஒட்டிய ஒயரைத் தடவிப் பாருங்கள், அணைத்த பிறகு.

கண்ட்ரோலரின் செட்டிங்

கண்ட்ரோலருக்குள் "இன்புட்" என்று ஒரு செட்டிங் உண்டு. கரண்ட் போய் வந்ததில் அது மாறாது, ஆனால் குழந்தைகளோ விருந்தாளிகளோ பட்டனை அழுத்தினால் மாறும். எஸ் வகை தெர்மோகப்பிளை மாட்டிவிட்டு கே என்று வைத்திருந்தால், உள்ளே 1000 டிகிரி இருக்கும்போது திரையில் 260-ஐ ஒட்டித்தான் வரும். மாறாக கே வகையை மாட்டி எஸ் என்று வைத்திருந்தால், உள்ளே 300 ஆகும்போதே திரை 1100-ஐத் தாண்டி நிற்கும். இப்படிப் பெரிய வித்தியாசத்தைப் பார்த்தால் உடனே செட்டிங்கைப் பாருங்கள். ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டு முழிப்பவர்களும் உண்டு.

பழைய சூளைகளில் முள் வைத்த பைரோமீட்டர் இருக்கும். அதற்கு வேறு நியாயம். முகப்பில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். சூளை ஆறியிருக்கும்போது, முள் சுழியத்தில் நிற்பதற்குப் பதிலாக அறை வெப்பத்தில் நிற்கும்படி அதைத் திருப்ப வேண்டும். அந்த மீட்டருக்குத் தன்னோடு வந்த ஒயரின் நீளம் முக்கியம். ஒயரை வெட்டிக் குட்டையாக்கினாலோ ஒட்டி நீளமாக்கினாலோ கணக்கு மாறும். லேசாகத் தட்டினால் முள் நகர்கிறது என்றால் உள்ளே தூசி. மண் பட்டறையில் தூசிக்கா பஞ்சம்?

முனை எங்கே இருக்கிறது

தெர்மோகப்பிளின் முனை உட்சுவரைத் தாண்டிச் சூளைக்குள் இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுவருக்குள்ளேயே ஒளிந்திருந்தால் செங்கலின் சூட்டைத்தான் சொல்லும், குறைவாகவும் தாமதமாகவும். தட்டையோ பானையையோ முனை தொடக்கூடாது. அடுக்கும்போது தட்டு நகர்ந்து ட்யூப்பில் முட்டி உடைவது சாதாரணம். ஒவ்வொரு முறை அடுக்கி முடித்ததும் டார்ச் அடித்து முனையைப் பாருங்கள்.

கேஸ் சூளையில் பர்னர் சுடர் நேரடியாகப் படும் இடத்தில் முனை இருக்கக்கூடாது. ட்யூப்புக்கும் சுவர்த் துளைக்கும் இடையில் உள்ள சந்தைச் செராமிக் வூலால் லேசாக அடையுங்கள்; இல்லாவிட்டால் வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே இழுக்கப்பட்டு முனையைக் குளிர்விக்கும். வூலைக் கையாளும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

சூட்டில் சோதிப்பது

கொதிக்கும் தண்ணீரில் முனையை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். இரும்பு உறை போட்ட தெர்மோகப்பிள் என்றால் வைக்கலாம். நம் சமவெளியில் தண்ணீர் நூறுக்கு ஒரு டிகிரி கூடக் குறையாமல் கொதிக்கும். நெல்லியாம்பதி மேலே போனால் 97 பக்கம். செராமிக் ட்யூப் போட்டதைத் தண்ணீரில் முக்காதீர்கள், ஈரம் ஏறிய ட்யூப் அடுத்த சூட்டில் வெடிக்கும். இந்தச் சோதனை ஒயரிங் சரியா என்று மட்டும்தான் சொல்லும். நூறு டிகிரியில் ஒழுங்காகக் காட்டும் கிழத் தெர்மோகப்பிள் 1100-ல் நாற்பது டிகிரி தவறும்.

மேலே என்ன நடக்கிறது என்று தெரிய கோன் வேண்டும். மாவுபோல் அரைத்த மண் கலவையில் செய்த சின்னக் கூம்பு. குறிப்பிட்ட சூட்டை, குறிப்பிட்ட வேகத்தில் எட்டும்போது வளையும். ஜெர்மனியில் செகர் 1886-ல் செய்தது. அமெரிக்காவின் ஆர்ட்டன் 1896-ல் அதைத் தன் பெயரில் தயாரிக்கத் தொடங்கினார். இன்றும் நமக்குக் கிடைப்பது ஆர்ட்டன் கோன்தான். மெதுவாக ஏற்றும்போது ஏறக்குறைய 06 கோன் 1000 டிகிரியில், 04 கோன் 1060-ல், 6 கோன் 1220-ல், 10 கோன் 1285-ல் வளையும். முன்னால் சுழியம் இருந்தால் எண் கூடக் கூட சூடு குறையும் என்பதைக் கவனியுங்கள். 06-ம் 6-ம் ஒன்றல்ல, நடுவில் இருநூறு டிகிரிக்கு மேல் இருக்கிறது. புதியவர்கள் 6 கோனுக்கு உள்ள கிளேஸை 06 கோனில் சுட்டு, உருகாத பொடியோடு வந்து நிற்பார்கள்.

செய்யும் முறை இதுதான். நீங்கள் போக நினைக்கும் சூட்டுக்கு ஒரு கோன், அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. 04-க்குப் போகிறீர்கள் என்றால் 05, 04, 03. மூன்றையும் ஒரு களிமண் கட்டையில் ஒரே பக்கம் சாய்ந்தாற்போல் குத்தி, நன்றாகக் காய வைத்து, தெர்மோகப்பிள் முனைக்கு அருகில், பார்வைத் துளை வழியே தெரியும்படி வையுங்கள். இன்னொரு செட்டை மேல் தட்டிலும், ஒன்றைக் கீழ்த் தட்டிலும் வைத்தால் இன்னும் நல்லது. கடைசி நூறு டிகிரியை மணிக்கு அறுபது டிகிரி வேகத்தில் ஏற்றுங்கள். துளை வழியே பார்க்கும்போது வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், வெல்டிங் கடையில் கிடைக்கும் வெளிர்ந்த பச்சைக் கண்ணாடி போதும். முகத்தைத் துளையிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள்.

05 படுத்து, 04-இன் நுனி வளைந்து அடிமட்டத்தைத் தொடும் நேரத்தில் திரையில் என்ன எண் என்று எழுதிக்கொள்ளுங்கள். 1060-ஐ ஒட்டி இருந்தால் உங்கள் மீட்டரைக் கும்பிடலாம். 1010 என்று இருந்தால் ஐம்பது டிகிரி குறைத்துக் காட்டுகிறது. இதை ஒரே ஒரு முறை வைத்து முடிவு கட்டாதீர்கள். தொடர்ந்து இரண்டு மூன்று சூளையில் அதே வித்தியாசம் வருகிறதா என்று பாருங்கள். எனக்கு எண் சரியாக இருப்பதைவிட, தப்பு ஒரே மாதிரி இருப்பது முக்கியம். ஒவ்வொரு முறையும் முப்பது குறைத்துக் காட்டும் மீட்டரோடு வாழலாம். ஒரு நாள் பத்து, ஒரு நாள் அறுபது என்று மாறுவதோடு வாழ முடியாது. அதற்குக் காரணம் ஒயரிலோ ஸ்க்ரூவிலோ இருக்கிறது, மேலே சொன்னவற்றை மறுபடி பாருங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் மில்லிவோல்ட்டையும் பார்த்துக்கொள்ளலாம். கண்ட்ரோலரிலிருந்து ஒயரைக் கழற்றினால் அது சூளையை நிறுத்திவிடும், அதனால் கழற்றாமல் டெர்மினலிலேயே வையுங்கள். பக்கத்து டெர்மினலில் மெயின் கரண்ட் ஓடுகிறது, பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம். கே வகையில், கண்ட்ரோலர் பக்கம் 30 டிகிரி என்றால், 500-க்குச் சுமார் 19.4, 800-க்கு 32.1, 1000-க்கு 40.1, 1200-க்கு 47.6 மில்லிவோல்ட் வரும். மல்டிமீட்டரும் திரையும் ஒத்துப்போய், கோன் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தெர்மோகப்பிள்தான் கிழமாகிவிட்டது.

நிறமும் ஒரு சாட்சி. இருட்டில் மங்கலான சிவப்பு தெரிய ஆரம்பித்தால் 550-ஐத் தாண்டுகிறது, செர்ரிச் சிவப்பு 750-800, ஆரஞ்சு 950 பக்கம், மஞ்சள் 1100. திரை 400 என்று சொல்லும்போது உள்ளே பளிச்சென்று ஆரஞ்சு தெரிந்தால் யாரை நம்புவது என்று யோசிக்கவே தேவையில்லை, உடனே அணையுங்கள்.

மீட்டர் சரி, சூளைதான் தப்பு

எண் ஏறவில்லை என்றதும் மீட்டரைக் குற்றம் சொல்கிறோம். எலெக்ட்ரிக் சூளையில் மூன்று விஷயத்தைப் பாருங்கள்: ஒரு எலெமென்ட் அறுந்திருக்கலாம், எலெமென்ட்டுக்குக் கரண்ட் விடும் ரிலே அல்லது அதன் மின்னணு வகையான எஸ்.எஸ்.ஆர். கெட்டிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். மாலை ஆறிலிருந்து பத்துக்குள் லைன் தாழ்ந்து போகும் ஊர்களில் கடைசியாகச் சொன்னதே காரணமாக இருக்கும். 230 வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் சூளையின் திறனில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும், ஏனென்றால் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1100 வரை ஏறி அங்கேயே முக்கிக்கொண்டு நிற்கும். உச்சியை இரவு பதினொன்றுக்கு மேல் தள்ளி வைத்துப் பாருங்கள், பலருக்குப் பிரச்சினை அதோடு தீரும். எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். எண் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் மெயினை அணையுங்கள்.

கேஸ் சூளைக்காரர்களுக்கு நம் பகுதியில் தனித் தொல்லை ஒன்று உண்டு: காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்கிலிருந்தும் அடிக்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. காற்று வேகம் பிடிக்கும்போது புகைபோக்கி இழுக்கும் இழுப்பு மாறுகிறது, பர்னர் வழியாகக் குளிர்க்காற்று புகுகிறது, எண் ஐந்து நிமிடத்தில் முப்பது டிகிரி இறங்கி மறுபடி ஏறுகிறது. அது மீட்டரின் ஆட்டம் அல்ல, உள்ளே நிஜமாகவே சூடு ஆடுகிறது. பர்னர் பக்கத்தில் ஒரு தகரத் தட்டி வைத்து மறைத்தால் ஆட்டம் குறையும். ஆனால் பர்னர் மூச்சு விடும் இடத்தை முழுக்க அடைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் கொல்லும். காற்று ஓய்ந்த ஒரு நாளில் அதே சூளையைச் சுட்டுப் பாருங்கள், எண் நிலைத்து நின்றால் மீட்டர் நிரபராதி.

அப்புறம், மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இருபது முப்பது டிகிரி வித்தியாசம் இருப்பது எல்லாச் சூளையிலும் சகஜம். ஒரே ஒரு முனையை வைத்துக்கொண்டு முழுச் சூளையையும் அளக்கிறோம் என்பது மனதில் இருக்கட்டும்.

கிழத் தெர்மோகப்பிள்

கே வகை 1000-க்கு மேல் போகப் போக மெல்ல மெல்ல மாறும். பெரும்பாலும் குறைத்துக் காட்டும் பக்கமாகத்தான், அதாவது நீங்கள் அதிகமாகச் சுடுவீர்கள். புகை கட்டிச் சுடும் கேஸ் சூளையில் இது இன்னும் வேகம். ஆக்சிஜன் பற்றாக்குறையான 800-1050 டிகிரியில் குரோமெல் கம்பியில் உள்ள குரோமியம் மட்டும் தனியாக அரிக்கப்பட்டுப் பச்சை நிறமாகச் செதிலெடுக்கும். அப்போது குரோமெலையும் காந்தம் இழுக்க ஆரம்பிக்கும். மேலே சொன்னேனே, இரண்டையும் இழுத்தால் என்று; அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்தது, மாற்றிவிடுங்கள்.

பழையதைக் கழற்றி எடுத்துப்போய் லேபில் கொடுத்துச் சோதிக்கலாமே என்றால், அதில் ஒரு சிக்கல். கிழமான கம்பியில் மின்னழுத்தம் உண்டாவது நுனியில் அல்ல, சூடு வேகமாகக் குறையும் பகுதியில், அதாவது சுவருக்குள் இருக்கும் நீளத்தில். லேபில் வேறு ஆழத்தில் வைத்தால் வேறு எண் வரும். அதனால்தான் பழைய தெர்மோகப்பிளை இரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்தாலே எண் மாறிவிடுகிறது. சோதிப்பதானால் சூளையிலேயே, பழையதை அசைக்காமல், பார்வைத் துளை வழியாக ஒரு புதியதை அதன் பக்கத்தில் நீட்டிப் பார்ப்பதுதான் நேர்மையான வழி.

கண்ட்ரோலரில் "ஆஃப்செட்" அல்லது "பயாஸ்" என்று ஒரு செட்டிங் உண்டு. மீட்டர் இருபது குறைத்துக் காட்டுகிறது என்று கோன் சொன்னால் அதில் பிளஸ் இருபது போட்டுவிடலாம். ஒயரையும் வகையையும் சரிபார்த்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நோயை மூடி மறைக்கிறீர்கள். அது எல்லாச் சூட்டிலும் ஒரே அளவு கூட்டும், தெர்மோகப்பிளின் தேய்வோ மேலே போகப் போக அதிகம். எனவே நீங்கள் அதிகம் சுடும் உச்சிச் சூட்டுக்கு மட்டும் சரிசெய்யுங்கள், கீழே சற்று மாறினால் பரவாயில்லை. ஐம்பதுக்கு மேல் ஆஃப்செட் தேவைப்பட்டால் அது ஆஃப்செட் வேலை அல்ல, புதுத் தெர்மோகப்பிள் வேலை.

வாங்கும்போது தடித்த கம்பி வாங்குங்கள். 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது மெல்லியதைவிடப் பல மடங்கு நாள் வரும். சற்றுத் தாமதமாகச் சூட்டைச் சொல்லும், மணிக்கு நூறு டிகிரி ஏறும் சூளையில் அதனால் ஒன்றும் கெடாது. 1200-க்கு மேல் அடிக்கடி போகிறவர்கள் என் (N) வகைத் தெர்மோகப்பிளைக் கேட்டுப் பாருங்கள், கே-யைவிட நிலையாக நிற்கும், எஸ் அளவு விலை இல்லை. ஆனால் கண்ட்ரோலரில் அந்த வகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேபிளும் அதற்குரியதுதான் வேண்டும். எஸ் வகை வாங்கினால் நல்ல அலுமினா ட்யூப்போடு வாங்குங்கள், இரும்பு உறைக்குள் போடக்கூடாது.

ஒரு நோட்டில் ஒவ்வொரு சூளைக்கும் தேதி, உச்சி எண், கோன் எப்படி வளைந்தது, ஏறிய நேரம், கேஸ் சூளை என்றால் காற்று எப்படி என்று நாலு வரி எழுதி வையுங்கள். தெர்மோகப்பிள் மாற்றிய நாளையும். வித்தியாசம் வளர்ந்துகொண்டே போவது அந்த நோட்டில்தான் தெரியும், திரையில் தெரியாது. பட்டறையில் ஒரு தெர்மோகப்பிளும் இரண்டு மீட்டர் கேபிளும் எப்போதும் கைவசம் இருக்கட்டும். பழைய எஸ் வகைக் கம்பியை மாற்றும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதில் இருப்பது பிளாட்டினம். எடை போட்டு வாங்கிக்கொள்ள ஆள் உண்டு.